தொதல் கிண்டும் விதம்

தங்கச்சி ஜெய்னம்பு கண்டுகொள்ள லாத்தா எழுதுவது:
இவ்விடம் யாவரும் சுகம்.
அவ்விடத்துச் சுகம் அறிய ஆவல்.
சோழகம் பிடித்துவிட்டது. கீழக்கரையிலிருந்து
தொண்டிக்கு வரும் முதல் தோணி இது.
தண்டல் இப்போதே கத்துகிறார்,
எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உம்மாவுக்கு இடது காது மந்தம்.
கேட்க வேண்டாதது மட்டும் நன்றாகக் கேட்கிறது.
மேலவீட்டு ருக்கியாவுக்கு நிக்காஹ் முடிந்தது.
நெய் போதவில்லை என்று
மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேசுகிறார்கள்.
தின்னாமல் எழுந்தவர் ஒருவருமில்லை.

சங்குக் குளிப்பு இந்த வருஷம் சுமார்தான்.
முத்தலிபு ஒரு வலம்புரி எடுத்தானாம்,
குத்தகைக்காரரிடம் காட்டாமல்
மடியில் கட்டிக்கொண்டு வந்தானாம்.
யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை.
ஆனால் அவன் பெண்டாட்டி மூன்று நாளாய்
கதவைச் சாத்திக்கொண்டு உலை வைக்கிறாள்.
தெருவுக்கு அது போதாதா?

தாது போய் ஈசுவர பிறந்தும் பஞ்சம் போகவில்லை.
அரிசியைப் படியில் அளந்த கை
இப்போது பிடியில் அளக்கிறது.
கடலோரமாகவே ஆட்கள் நடக்கிறார்கள்
தேவிபட்டினத்துக்கு, தோணியேறி மன்னாருக்கு,
அங்கிருந்து காப்பி மலைக்கு.
நேற்று ஒருத்தி கொல்லைக் கதவில் நின்று
உப்புக் கேட்டாள்.
"கஞ்சி வைத்திருக்கிறாயா?" என்றேன்.
"உப்பு இருந்தால் கஞ்சி இருக்கிற மாதிரி" என்றாள்.
இரண்டும் கொடுத்தேன். பெயர் கேட்க மறந்தேன்.

இனி உரக்கப் படிக்காதே.

உன் மாமிக்கு எழுத்துத் தெரியாதது நம் நல்ல காலம்.
உன் முகம் படிக்கத் தெரிந்தவள், அதுதான் பயம்.
விளக்கைச் சற்றுத் தள்ளி வை.
என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால்
தொதல் கிண்டும் விதம் என்று சொல்.

கணக்கப்பிள்ளை மகன் சாகுல் கொழும்பிலிருந்து வந்தான்.
கையில் புதுக் குடை, அந்தி சாய்ந்த பிறகும் விரித்துக்கொண்டு.
சோனகத் தெருவில் உன் மாப்பிள்ளையைப் பார்த்தானாம்.
கடை நன்றாக நடக்கிறதாம்.
கடைக்கு மேலே வீடு.
வீட்டுச் சன்னலில்
(மூன்று தரம் எழுதி அடித்திருக்கிறேன், பார்)
ஒரு தொட்டில் சேலை காய்ந்ததாம்.

சாகுல் பொய் சொல்வான், எனக்கும் தெரியும்.
பொய் சொல்கிறவன் சேலையின் நிறம் சொல்வானா?
பச்சையாம்.
பிள்ளைக்கு உன் மாமனார் பெயராம்.
உன் வயிற்றுக்கென்று
எடுத்து வைத்திருந்தார்களே, அந்தப் பெயர்.
மாமிக்குத் தெரியுமா என்று கேட்பாய்.
அவளிடம் சொல்லாமல் அந்தப் பெயர்
கடல் தாண்டியிருக்குமா, ஜெய்னம்பு?

உம்மாவிடம் நான் சொல்லவில்லை.
மேற்கு அறைக்கு வெள்ளையடித்தேன்,
சங்குச் சுண்ணாம்பு, இரண்டு பூச்சு.
"யாருக்கு?" என்று உம்மா கேட்கவே இல்லை.
உன் பழைய பெட்டியைத் தானே துடைத்து
அந்த அறையில் கொண்டு வைத்தாள்.
சொன்னேனே, அந்தக் காது.

நம் ஊரில் வீடு பெண்ணுக்கு,
வந்து சேருகிறவன் விருந்தாளி.
வாப்பா நம் இருவர் பேரிலும்தான் எழுதினார்.
ஊர் தாண்டி வாழப் போகிறாள் என்று
அன்று தெரு உன்னைப் பார்த்துச் சிரித்தது.
திரும்பி வந்தாலும் சிரிக்கும்,
முத்தலிபின் வலம்புரி வெளியே வரும் வரைக்கும்.
பிறகு அதற்கு வேறு வேலை வந்துவிடும்.

வா என்று எழுதவில்லை.
அறை காய்ந்துவிட்டது என்று எழுதுகிறேன்.

உன் வெள்ளைக் கோழி ஒன்பது முட்டையில் அடைகாக்கிறது,
இதை முதலிலேயே எழுத நினைத்தேன்.
தண்டல் மறுபடி கத்துகிறார்.

மாமி அளவு கேட்பாள். மூன்று தேங்காய்,
கருப்பட்டி இரண்டு வட்டு, அரிசி மாவு ஒரு படி,
எண்ணெய் பிரியும் வரை கை விடக் கூடாது.
இந்தப் பஞ்சத்தில் தொதலா என்று சிரித்தால்
லாத்தாவுக்கு எப்போதும்
நேரங்கெட்ட ஆசைதான் என்று சொல்.